ஃபைனலில் ‘ம்’ கொட்டியவன்

என் மகள் பின் சீட்டிலிருந்து எடுத்த ஒரு வீடியோ என் போனில் இருக்கிறது. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் நான் ஓட்டிய செஸ்னா 172 என்ற நான்கு சீட்டுச் சின்ன விமானம் இறங்குவதற்கு முன்பிருந்து, அது ரன்வேயில் கோணலாக நிற்கும் வரைக்கும் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அதில் நான் எத்தனை முறை ‘ம்’ என்று சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு முறை.

எங்கள் வீட்டில் கதை கேட்கிறவன் ‘ம்’ கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை ஓடாது. பாட்டி பாதியில் நிறுத்தி, “தூங்கிட்டியா?” என்பாள். பெரியவர்கள் பேசும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அப்படி வளர்ந்ததில் தப்பே இல்லை. ஆனால் ஒரு சின்ன விமானத்தைத் தரையிறக்குகிற அந்தக் கடைசி மூன்று நிமிடத்துக்கு அந்த வளர்ப்பு எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் நம் ஆட்கள் சிலர் இப்போது விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள், லைசென்ஸ் வந்ததும் முதலில் கூட்டிக்கொண்டு போவது அப்பா அம்மாவைத்தான்.

நானும் அப்படித்தான். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், வேலைக்காக டர்பன் வந்தவன். தென்னாப்பிரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு அதைவிட நிறையவே ஆனது, சனிக்கிழமைகளாகச் சேர்த்துச் சேர்த்து முடித்தேன். அப்பா இல்லை. அப்பாவின் ஸ்தானத்தில் இருப்பவர் பெரியப்பா. ஊரில் முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எங்களைப் பார்க்க வந்தபோது, “நான் ஓட்டுன வண்டியிலதான நீ பள்ளிக்கூடம் போன, இப்ப உன் வண்டியில என்ன ஏத்து” என்றார். அதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்?

வர்ஜீனியா கடலை ஒட்டிய சின்ன விமான நிலையம். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் வீடுகள். இன்னொரு பக்கம் கொஞ்சம் புதர், மணல், அப்புறம் இந்துமாக்கடல். ஒரே ஓடுபாதை, நீளம் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. வீடுகளுக்கு மேலே இரைச்சல் போடாமல் இருக்க, சுற்றி வருவதைக் கடல் பக்கமாக வைத்துக்கொள்வோம். வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் ரன்வே 05, அதாவது வடகிழக்கைப் பார்த்து இறங்க வேண்டும். அதற்குக் கடலின் மேலாகத் தென்மேற்கே போய், வலது கைப்பக்கம் இரண்டு திருப்பம் திரும்ப வேண்டும். ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பகுதிக்கு டவுன்விண்ட் என்று பேர், முதல் திருப்பத்துக்குப் பிறகு வருவது பேஸ், இரண்டாவதுக்குப் பிறகு ரன்வேயை நேராகப் பார்த்து இறங்குவது ஃபைனல்.

இதில் ஒரு விஷயம் உண்டு. விமானி உட்காருவது இடது சீட்டில். வலது கைச் சுற்றில் ரன்வே வலது பக்கம் இருக்கும். அப்போது ரன்வேயைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். நான் ரன்வேயைப் பார்க்கத் திரும்பிய ஒவ்வொரு தடவையும், பெரியப்பா தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வீடியோவில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. நான் தலையைத் திருப்புகிறேன், அவர் முகம் மலர்ந்து உடனே இன்னொரு கேள்வி கேட்கிறார்.

அன்றைக்கு உம்லாங்காவின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, பலிட்டோ வரைக்கும் கடற்கரையோரமாகப் போய்விட்டுத் திரும்பினோம். உள்பக்கம் முழுக்கக் கரும்பு. “நம்ம கொல்லை மாதிரியே இருக்கேப்பா, யாரு போட்டது இவ்வளவும்?” என்று கேட்டார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றதையும், அந்தக் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தக் கரும்பில் வேலை பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொன்னது மேலே, நேராகப் பறக்கும்போது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. அங்கேயே பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

டவுன்விண்டில் கண்ணுக்கு எதிரே டர்பன் நகரம் முழுக்க விரிந்து கிடக்கும், அப்பால் கடலில் துறைமுகத்துக்குள் நுழைய முறை வைத்துக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நிற்கும். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். “இத்தனை கப்பலும் ஏன் ஸ்டாண்டுக்கு வெளியிலயே நிக்குது?” என்றார். அந்த இடத்தில் நான் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது: பிரேக், மிக்சர் (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு), எரிபொருள், ஃபிளாப் (மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை), கதவு, பெல்ட் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொட்டுப் பார்க்க வேண்டும். வீடியோவில் நான் “பிரேக், மிக்சர்” என்று சொல்வது கேட்கிறது. அப்புறம் “ம்... அதுவா பெரியப்பா” என்று ஆரம்பிக்கிறேன். எரிபொருள் என்று நான் சொல்லவே இல்லை. ஃபிளாப்பைப் பத்து டிகிரியில் இறக்கியதோடு சரி.

கப்பலை உள்ளே கொண்டுவர துறைமுகத்து வழிகாட்டி ஒருவர் ஏற வேண்டும், அவரை டர்பனில் ஹெலிகாப்டரில் கொண்டு போய்க் கப்பல் மேல்தளத்தில் இறக்குகிற வழக்கம் உண்டு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பேஸ் திரும்பினேன். பேஸில் மூக்கு கரையைப் பார்த்து இருக்கிறது, கொஞ்சம் கடல் பக்கமாகத் திரும்பிய காற்று முதுகில் தள்ளுகிறது. நினைத்ததைவிட வேகமாகக் கரைக்கு வந்துவிட்டோம். ‘கயிறு கட்டி இறக்குவாங்களா?’ என்று அவர் கேட்டதற்கு ‘ம்’ சொல்லிவிட்டு நிமிர்ந்தால், ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் பலர் செத்துப்போகிறார்கள். கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் கை தானாக இன்னும் அதிகமாகச் சாய்த்துத் திருப்பும், மூக்கு கீழே போகாமல் இருக்க ஸ்டியரிங்கை இழுக்கும். நேராகப் பறக்கும்போது, ஃபிளாப் போடாத செஸ்னா 172 கிட்டத்தட்ட 48 நாட் (மணிக்கு 48 கடல் மைல்) வேகத்துக்குக் கீழே போனால்தான் இறக்கையின் தாங்கும் சக்தி உடையும், அதைத்தான் ஸ்டால் என்கிறோம். உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் அதே விமானம் 57 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்த்தால் 68-ஐத் தொட்டுவிடும். ஃபைனலில் நாம் வைத்திருக்கும் வேகமே 65 தான். ஸ்டாலோடு சேர்ந்து ஒரு பக்க இறக்கை விழுந்து சுழல ஆரம்பித்தால், மீட்டெடுக்கக் கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரம் தேவை. அந்தத் திருப்பத்தில் நமக்கு இருப்பதோ ஐந்நூறு.

வீடியோவில் அந்த நொடியில் ஒரு சத்தம் கேட்கிறது. இந்தச் செஸ்னாவின் ஸ்டால் எச்சரிக்கை மின்சாரத்தில் ஓடுவது கிடையாது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துவாரம், அங்கே காற்றழுத்தம் குறைந்ததும் காற்று உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் ஒரு தகடு ஊதும். நாயனத்திலிருந்து சீவாளியை மட்டும் கழற்றி, வித்வான் உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அதே சத்தம். கோயில் வாசலில் வளர்ந்த எனக்கு அது எத்தனை தூரத்திலிருந்தும் கேட்டிருக்க வேண்டும். தலைக்கு இரண்டு அடி பக்கத்தில் ஊதியிருக்கிறது, இரண்டு நொடி. எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டபோதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கை ஜில்லென்று ஆகிவிட்டது.

காதில் விழுவது வேறு, மனசில் ஏறுவது வேறு. இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்றால் என் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். 1972 டிசம்பர் 29 ராத்திரி மியாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. விமானத்தை 2000 அடியில் தானியங்கியிடம் விட்டுவிட்டு எல்லோரும் அந்த விளக்கைக் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் இறங்கிவிட்டார்கள். தானியங்கி எப்படியோ உயரப் பிடிப்பை விட்டுவிட்டது. உயரம் குறைகிறது என்று ஒரு மணி அடித்திருக்கிறது, விமானி அறையின் ஒலிப்பதிவில் அது தெளிவாக இருக்கிறது. ஒருவர் காதிலும் ஏறவில்லை. சதுப்பு நிலத்தில் போய் மோதி, 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். அனுபவசாலிகள், நல்ல விமானம். ஒரு பல்பு கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இதுவும் இதைப்போன்ற இன்னும் சில விபத்துகளும் சேர்ந்துதான் 1981-இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: பயணிகள் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே, விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும் எந்த வேலையும் விமானி அறையில் கூடாது. பெரிய விமானங்களில் ஒரு பூட்டிய கதவும், பக்கத்தில் இன்னொரு விமானியும் இருக்கிறார்கள். நம் சின்ன விமானத்தில் கதவும் கிடையாது, இரண்டாவது விமானியும் கிடையாது. பயணிகள் இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோருமே நமக்குப் பிரியமானவர்கள். அந்த விதி அதிகம் தேவைப்படுவது நமக்குத்தான், ஆனால் அதை நாமே வைத்துக்கொண்டால்தான் உண்டு.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் கொலராடோவில் ஒரு செஸ்னா 150 ராத்திரி நேரத்தில் விழுந்து உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். கிடைத்த கேமராவில், அதற்கு முந்தைய பறத்தல்களில் விமானியும் உடன் வந்தவர்களும் செல்ஃபி எடுத்தது பதிவாகியிருந்தது. செல்போனால் கவனம் சிதறியதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அமைப்பு எழுதியது. போன் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும், நானும் என் போனை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். அதனாலேயே என் கவனத்தைப் பாதுகாத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்பாகக் கேட்கப்படும் கேள்விக்கு அணைக்கிற பொத்தான் கிடையாதே.

சரி, என் கதைக்கு வருகிறேன். சாய்வை அதிகமாக்கிவிட்டேன் என்று எப்படியோ உணர்ந்து, நிமிர்த்தி, மூக்கைக் கீழே தள்ளினேன். வேகம் ஏறி 78 ஆகிவிட்டது. ரன்வே கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தெரிகிறது, ஃபிளாப் பாதிகூட இறங்கவில்லை. எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: கோ-அரவுண்ட். த்ராட்டிலை, அதாவது என்ஜின் சக்தியைக் கூட்டும் பிடியை, முழுக்கத் தள்ளி, மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்து இறங்கு. எனக்கும் அது தெரியும். ஏன் செய்யவில்லை? இதை உள்ளபடி சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரு ஸ்டாப்பைக்கூடத் தாண்டி நிறுத்தாத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் நான் இறங்கத் தெரியாமல் மறுபடி மேலே போவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது.

வேகமாக வந்த செஸ்னா இறங்காது, மிதக்கும். ரன்வேயின் பாதி கீழே ஓடிப்போய்விட்டது, சக்கரம் இன்னும் தரையைத் தொடவில்லை. முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் பயத்தில் ஸ்டியரிங்கை முன்னால் தள்ளினேன். முன் சக்கரம் முதலில் பட்டது, பட்டதும் துள்ளியது. மறுபடி தள்ளினேன், மறுபடி துள்ளியது, இரண்டாவது துள்ளல் முதலாவதைவிட உயரம். துள்ளும்போது கை செய்யத் துடிப்பது எப்போதும் ஒரு தப்பு வேலைதான், அதை அடக்கி மூக்கைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி த்ராட்டில் கொடுத்து மேலே போயிருக்க வேண்டும். மூன்றாவது முறை விழுந்தபோது புரொப்பெல்லர் தாரில் உரசியது. அந்த விமானத்தில் புரொப்பெல்லரின் நுனிக்கும் தரைக்கும் இடையே ஒரு அடிகூட இருக்காது, முன் சக்கரத்தின் தாங்கி அமுங்கினால் அதுவும் போய்விடும். ஆணியால் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம், இரண்டு மூன்று தட்டு. விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. என்ஜினை அணைத்தேன். மகள் அழவில்லை. பெரியப்பா என் தொடைமேல் கை வைத்து, “ஒண்ணும் ஆகலப்பா, ஒண்ணும் ஆகல” என்றார்.

இறங்கிப் பார்த்தால் புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் வாழையிலையின் ஓரம் சுருண்ட மாதிரி பின்பக்கம் வளைந்திருந்தது. சுண்டு விரல் நீளம்தான் வளைவு. அதற்காக என்ஜினையே முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுற்றிக்கொண்டிருந்தது திடீரென்று எதிலாவது தட்டினால் உள்ளே இருக்கும் தண்டிலும் பற்சக்கரங்களிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம். பல மாதம் அந்த விமானம் பறக்கவில்லை. அதில் பயிற்சிக்கு நேரம் வாங்கியிருந்த பையன்கள் இரண்டு பேருக்கு என்னால் பரீட்சை தள்ளிப்போனது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார், “எறங்குற நேரத்துல பேசக்கூடாதா?” ஆமாம் என்றேன். “ஏறுறப்ப பெல்ட்டு எப்படிக் கழட்டுறதுன்னு காட்டுன, கதவு எப்படித் தொறக்குறதுன்னு காட்டுன. இத மட்டும் ஏம்ப்பா சொல்லல? என் தலைக்கு மேல முப்பத்தோரு வருஷம் எழுதி வச்சிருந்தாங்க, ஓட்டுநருடன் பேசாதீர்னு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா?” அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். தன் பேச்சால் இப்படி ஆயிற்றே என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று நான் என்னென்னவோ சொன்னேன். பேசினது அவர் தப்பு கிடையாது. பேச வேண்டாம் என்று சொல்லாதது விமானி செய்த தப்பு.

அதற்குப் பிறகு பயிற்சியாளரோடு பல மணி நேரம் வெறும் இறங்குவதையே பழகினேன். அவர் வேண்டுமென்றே பேஸ் திருப்பத்தில் ஏதாவது கேட்பார், பேனாவைக் கீழே போடுவார், ஒரு தடவை என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பறக்கும்போது கதவு திறந்துகொண்டால் இரைச்சலும் காற்றும் பயமுறுத்தும், ஆனால் அந்த விமானம் நன்றாகவே பறக்கும். கதவைச் சாத்தப் போய் விமானத்தை விட்டவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். ‘முதலில் ஓட்டு, அப்புறம் வழி பார், அதுக்கப்புறம் பேசு’ என்பது விமானிகளுக்குப் பழைய பாடம். அந்த வரிசையில் பேச்சு கடைசியில் இருக்கிறது, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரோடு ரேடியோவில் பேசுவதுகூட அதில் அடக்கம்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் பறக்கும் நண்பர்களுக்கு ஒன்று. அங்கே ராண்ட், கிராண்ட் சென்ட்ரல் விமான நிலையங்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 5000 அடிக்கு மேலே. வேகம் காட்டும் கருவி அதே 65 தான் காட்டும், ஆனால் காற்று மெலிந்திருப்பதால் உண்மையான வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல், தரை சர்ரென்று ஓடும். கடற்கரையில் பழகிய கண் ‘வேகம் ஜாஸ்தி, குறை’ என்று சொல்லும். கண்ணை நம்பிக் குறைத்தால் ஸ்டால் பக்கத்தில் போய்விடுவோம். ஏற்கெனவே இப்படிக் கண் ஏமாற்றும் இடத்தில், பக்கத்து சீட்டுக் கேள்வியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுப்பாட்டு ஆளில்லாத சின்ன ரன்வேக்களில், 124.8 என்ற பொது ரேடியோ அலைவரிசையில் எங்கெங்கோ பறப்பவர்கள் பேசுவதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இப்போது நான் என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் எல்லோரையும் பார்த்துச் சொல்கிறேன்: நான் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் பேச்சை நிறுத்த வேண்டும், வேறு விமானமோ பறவைக் கூட்டமோ தெரிந்தால், புகையோ நெருப்போ பார்த்தால் மட்டும் கத்தலாம். இறங்கி, ரன்வேயை விட்டு வெளியே வந்து, நான் என்ஜினை அணைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு தடவை சொல்கிறேன். மகளை ஒப்பிக்கச் சொல்கிறேன். கோ-அரவுண்ட் போனாலும் போவேன், அது சாதாரண விஷயம் என்றும் அப்போதே சொல்லிவிடுகிறேன், அதனால் எனக்கும் கூச்சம் போய்விட்டது.

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு ஆயாவைக் கூட்டிப் போனேன். என் நண்பனின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர். வீட்டில் தமிழ் பேசத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான். அதே வடகிழக்குக் காற்று, அதே 05, அதே வலது கைச் சுற்று. டவுன்விண்டில் எதிரே நகரம் வந்ததும் கையைத் தூக்கினேன். மோசஸ் மபிடா கால்பந்து அரங்கத்தின் வளைவு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் தெற்கே எதையோ பார்த்ததும் அவர் உடம்பு முன்னால் சாய்ந்ததும், கை ஜன்னலை நோக்கிப் போனதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. எரிபொருள், ஃபிளாப், கதவு, பெல்ட் என்று நான் முழுசாகச் சொல்லி முடித்தேன். பேஸ், ஃபைனல், 65 நாட். பின் சக்கரம் இரண்டும் மெதுவாகத் தொட்டன.

விமானத்தை நிறுத்தி என்ஜினை அணைத்தேன். புரொப்பெல்லர் நின்றதும் ஆயா என் முழங்கையைத் தொட்டு, “தம்பி, இப்ப பேசலாமா?” என்று கேட்டார். பேசுங்க ஆயா என்றேன். சோம்ட்சு ரோட்டில் மேகசின் பேரக்ஸ் என்று நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு இருந்ததே, அங்கேதான் அவர் பிறந்தாராம். எல்லோரையும் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது அவருக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்ததாம். அந்த இடத்தை இத்தனை வருஷம் கழித்து மேலே இருந்து பார்த்தாராம். தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, திருவிழாவுக்குக் கூத்து எங்கே நடந்தது, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.